விரல் தொட்டால்தான் திறக்கும்: மல்லாவிக் கடையில் பாவித்துப் பார்த்த யூபிகீ

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் இரண்டாக வாங்குங்கள். ஒன்றுக்குத்தான் காசிருக்கிறது என்றால் மற்றதற்கும் சேரும்வரை பொறுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நான் எழுதுவது யூபிகீ என்ற பாதுகாப்புச் சாவியைப் பற்றி. யூபிகோ என்ற கம்பனியின் தயாரிப்பு; 2007 இல் சுவீடனில் தொடங்கிய கம்பனி அது. நாலரைச் சென்ரிமீற்றர் நீளம், மூன்று கிராம் நிறை, நடுவில் பொன்னிறத்தில் ஒரு வட்டம். ஜிமெயில், பேஸ்புக் போன்ற கணக்குகளுக்குள் போகும்போது பாஸ்வேர்டைக் கொடுத்த பிறகு இதைக் கொம்பியூட்டரில் செருகி, அந்த வட்டத்தை விரலால் தொட வேண்டும். தொடாவிட்டால் கணக்கு திறக்காது. பாஸ்வேர்ட் தெரிந்தவன் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் சரி, இந்தச் சாவி கையில் இல்லாமல் உள்ளே வர முடியாது. அவ்வளவுதான் இதன் வேலை.

வன்னியில், மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியை விட்டு மேற்கே திரும்பி உள்ளே வந்தால் மல்லாவி, முல்லைத்தீவு மாவட்டம். அங்கே எனக்கு ஒரு கொமினிகேசன். போட்டோகொப்பி, லமினேற்றிங், ரீலோட், ஸ்கான், ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் ஒரே மேசையில். பிள்ளைகளின் பரீட்சை விண்ணப்பத்துக்கும் இங்கேதான் வருவார்கள், அரசின் அஸ்வெசும உதவிப்பண விசயமாகவும் இங்கேதான் வருவார்கள். இப்படி ஒரு கடை நடத்துகிறவனுடைய மெயிலுக்குள் என்ன கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊர்ச்சனத்தின் ஆள் அடையாள அட்டை முன்பக்கமும் பின்பக்கமும், பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம், காணி பெர்மிட், கடவுச்சீட்டு. "தம்பி, உங்கட மெயிலுக்கு அனுப்பச் சொல்லுறன், எடுத்துத் தாங்கோ" என்று ஒரு நாளில் எத்தனை பேர் கேட்கிறார்கள். வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்பது என் கடையின் சட்டம். ஆனாலும் "கிடக்கட்டும் தம்பி, பிறகும் தேவைப்படும்" என்று சொல்கிறவர்களே கூடுதல்.

அவர்கள் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போர் முடிந்த 2009 இல் இந்தச் சனம் உடுத்த உடுப்போடு வெளியே வந்தது. முகாம்களிலிருந்து திரும்பிய பிறகு நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்று பிறப்புப் பதிவையும் அடையாள அட்டையையும் ஒவ்வொன்றாக மறுபடி எடுத்தார்கள். ஒரு அம்மா அடிக்கடி வருவார். காணாமல் ஆக்கப்பட்ட மகனுடைய பள்ளிக்கூடச் சான்றிதழ், மிஞ்சிய ஒரே படம், செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதி, காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுத்த விண்ணப்பம், எல்லாவற்றையும் ஸ்கான் பண்ணி, அவருடைய பெயரில் ஒரு மெயில் திறந்து அதற்குள் போட்டு வைத்திருக்கிறோம். கறையான் தின்னாது, மழைக்கு நனையாது என்றுதான் அங்கே ஏற்றினோம். அந்தக் கணக்கை ஒருவன் பிடித்துப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் அந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது? இந்தச் சாவியை நான் பார்ப்பது இந்தக் கேள்வியை வைத்துத்தான். தொழில்நுட்பப் பைத்தியத்தில் எழுதவில்லை.

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்கிற அக்கா, நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது இரண்டு யூபிகீ கொண்டுவந்து தந்தார். அவருடைய அலுவலகத்தில் எல்லோருக்கும் இது கட்டாயமாம். "சொக்கிலேற் கொண்டு வந்தா ரெண்டு நாளில முடிஞ்சிடும், இத வச்சிரு" என்றார். ஒன்று கடை மேசையில் சங்கிலியில் தொங்குகிறது. மற்றது வீட்டில் றங்குப்பெட்டிக்குள், காணி உறுதியோடு.

பொருத்துவது சுலபம். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், இரண்டு படி உறுதிப்படுத்தலில் சாவியைச் சேர்க்கச் சொன்னால், செருகு என்று கேட்கும், தொடு என்று கேட்கும், சாவிக்கு ஒரு பின் இலக்கம் வைக்கச் சொல்லும். அந்தப் பின்னை எட்டுத் தரம் தொடர்ந்து பிழையாக அடித்தால் சாவி பூட்டிக்கொள்ளும். பிறகு அதை அழித்துப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். களவெடுத்தவன் கையில் சாவி போனாலும் இது ஒரு காவல். இரண்டு சாவியையும் ஒரே இருப்பில் சேர்த்துவிடுங்கள். ஒன்று தொலைந்தால் மற்றதுதான் உங்களை உள்ளே விடும். இரண்டு வாங்குங்கள் என்று நான் சொன்னது இதற்காகத்தான். அப்பிள் கணக்குக்கு ஒன்றோடு நிற்கவே விடமாட்டார்கள், சேர்க்கும்போதே இரண்டு சாவி கேட்கும்.

சாவியைச் சேர்த்ததோடு வேலை முடிந்தது என்று எழும்பிவிடாதீர்கள். பலர் விடுகிற இடம் இதுதான். எஸ்எம்எஸ்ஸில் கோட் வருகிற பழைய வழி அப்படியே திறந்திருந்தால் கள்ளன் சாவியைத் தேட மாட்டான், "வேறு வழியில் முயற்சி செய்" என்பதை அழுத்தி எஸ்எம்எஸ் பக்கம் போவான். ஆகவே சாவி இரண்டும் வேலை செய்கிறது என்று பார்த்த பிறகு, தொலைபேசி இலக்கத்தை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

எஸ்எம்எஸ் விசயத்தில் எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு பிரச்சினை இருக்கிறது. இங்கே சிம் மாற்றுவது பெரிய காரியமே இல்லை. எந்தக் கம்பனிக்கு எந்தக் கிராமத்தில் சிக்னல் இழுக்கிறது, எது டேட்டா மலிவாகத் தருகிறது என்று பார்த்து மாறிக்கொண்டே இருப்பார்கள். மாறியவர் பழைய இலக்கத்துக்கு ரீலோட் போடமாட்டார். கொஞ்சக் காலத்தில் அந்த இலக்கம் செத்துவிடும், பிறகு வேறொருவர் கைக்குப் போகும். ஆனால் ஜிமெயிலும் பேஸ்புக்கும் இன்னும் அந்த இலக்கத்தைத்தான் உங்களுடையது என்று நம்பிக்கொண்டிருக்கும். பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று கடைக்கு வருகிறவர்களுக்கு, கோட் எந்த இலக்கத்துக்குப் போகிறது என்று திரையில் பார்த்தால், கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்துவிட்டு "அது பழைய சிம் தம்பி, எறிஞ்சிட்டன்" என்பார்கள். வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளின் கணக்குகளும் இப்படித்தான் கிடக்கின்றன. சாவிக்குச் சிம் தேவையில்லை, சிக்னல் தேவையில்லை, பற்றரியும் இல்லை. ஐயன்கன்குளம் பக்கத்தில் எஸ்எம்எஸ்ஸுக்காகப் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதன் பெறுமதி முழுவதும் அதில்தான் இருக்கிறது. பாஸ்வேர்டும், ஓடிபி என்கிற ஒருதரக் கோட்டும் மனிதன் வாசித்து, மனிதன் அடிக்கும் எழுத்துகள். போலிப் பக்கம் கேட்டால் அதற்கும் அடித்துவிடலாம். இப்போதைய கள்ளர்கள் போலிப் பக்கத்தில் நீங்கள் அடிக்கும் ஓடிபியை அந்தக் கணமே உண்மையான தளத்தில் போட்டு உள்ளே போய்விடுகிறார்கள். யூபிகீ எழுத்து எதையும் கொடுப்பதில்லை. சாவிக்குள் ஒரு இரகசியம் இருக்கிறது, அது ஒருபோதும் வெளியே வராது. தளம் அனுப்பும் ஒரு புதிருக்குச் சாவி உள்ளே வைத்து ஒப்பமிட்டு விடையை மட்டும் அனுப்பும். அந்த ஒப்பம் தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டது. முகவரியைச் சாவிக்குச் சொல்வது பிரவுசர், மனிதன் இல்லை. கூகுள் என்பதில் ஒரு எழுத்தை மாற்றிய போலித் தளம் வந்தால் எங்கள் கண் ஏமாறலாம், சாவியிடம் அந்த முகவரிக்கு விடையே கிடையாது.

கடையில் இதை நேரே பார்த்தேன். காலபோக அறுவடைக்குப் பிறகு சனம் அலையும் ஒரு பின்னேரம். கரண்ட் போய் வந்த நேரம், போட்டோகொப்பி மெசின் சூடேறிக்கொண்டிருக்கிறது, மேசைக்கு முன்னால் ஆட்கள். கடையின் பேஸ்புக் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது: உங்கள் பக்கம் பதிப்புரிமையை மீறியிருக்கிறது, 24 மணித்தியாலத்துக்குள் முறையீடு செய்யாவிட்டால் நிரந்தரமாக நீக்கப்படும். நீல நிற இலச்சினை, சுத்தமான வசனம். என்னோடு வேலை செய்கிற பெடியன் கெட்டிக்காரன், ஏஎல்லில் தொழில்நுட்பம் படித்தவன். அவனே லிங்கை அழுத்தி, பாஸ்வேர்டையும் அடித்துவிட்டான். அடுத்த திரை ஆறு இலக்கக் கோட் கேட்டது. "அண்ணை, கோட் வருதில்லை" என்று கூப்பிட்டான். எங்கள் கணக்குக்குக் கோட் என்று ஒன்று இல்லை, சாவி மட்டும்தான். அப்போதுதான் முகவரியைப் பார்த்தோம். பேஸ்புக் என்ற சொல்லுக்குப் பின்னால் நீண்ட வால். பாஸ்வேர்ட் அவர்கள் கைக்குப் போய்விட்டது, ஆனால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. உடனே மாற்றினோம், விசயம் முடிந்தது.

அந்தப் பெடியனைப் பேச எனக்கு மனம் வரவில்லை, பேசவும் கூடாது. இணையப் பாதுகாப்பு என்றால் எங்கே போனாலும் "கவனமாக இருங்கள், சந்தேகமான லிங்கை அழுத்தாதீர்கள்" என்றுதான் வகுப்பு எடுக்கிறார்கள். பத்துப் பேர் முன்னால் நிற்கும்போது யார்தான் கவனமாக இருப்பது? வயலிலிருந்து களைத்து வந்தவர், கண் மங்கிய கிழவி, நித்திரை முழித்துப் படிக்கிற பிள்ளை, இவர்கள் எல்லோரும் எந்நேரமும் விழிப்பாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆள் ஏமாந்த பிறகும் ஏமாறாத பூட்டுத்தான் வேண்டும். இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2022 ஜூலையில் கிளவுட்பிளேயர் என்ற பெரிய இணையக் கம்பனியின் ஊழியர்கள் 76 பேருக்கு ஒரு நிமிடத்துக்குள் போலிக் குறுஞ்செய்தி போனது. பாதுகாப்பே தொழிலாகக் கொண்ட கம்பனி அது. அங்கேயே மூன்று பேர் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டை அடித்தார்கள். எல்லோரிடமும் இந்த வகைச் சாவி இருந்தபடியால் கள்ளர்களால் உள்ளே போக முடியவில்லை. அதே காலத்தில் அதே மாதிரி வந்த தாக்குதலில் ட்விலியோ என்ற கம்பனி மாட்டிக்கொண்டது. கூகுள் 2017 இல் தன் ஊழியர்கள் 85,000 பேருக்கு மேல் இந்தச் சாவியைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகு போலிப் பக்கத்தால் ஒரு ஊழியரின் கணக்கும் பறிபோகவில்லை என்று 2018 இல் சொன்னது.

பொருளின் உறுதி பற்றி அதிகம் சொல்ல இல்லை. எங்கள் ரோட்டின் கிறவல் தூசி, சித்திரை வெயில், கைவேர்வை எல்லாம் பட்டுக்கொண்டு கிடக்கிறது, இன்றுவரை மக்கர் பண்ணவில்லை. அசைகிற பாகம் எதுவும் உள்ளே இல்லை.

குறை என்று பார்த்தால், வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 2024 செப்ரெம்பரில், யூபிகீக்குள் இருக்கும் இன்ஃபினியன் என்ற கம்பனியின் சிப்பில் ஒரு பலவீனம் கண்டுபிடிக்கப்பட்டது. சாவிக்குள்ளேயே ஓடுகிற நிரலான உள்மென்பொருள் 5.7 க்கு முந்தைய சாவிகள் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். சாவியைக் கையில் எடுத்து, உடைத்து, விலை கூடிய கருவிகளைப் பொருத்தி, கெட்டித்தனமான ஒருவர் இருந்து பார்த்தால் இரகசியத்தைப் பிரதி எடுக்கலாம். மல்லாவிக் கடைக்காரனின் சாவிக்காக யாரும் அவ்வளவு மினக்கெடப் போவதில்லை. ஆனால் விசயம் என்னவென்றால், யூபிகீயின் உள்மென்பொருளைப் பிறகு புதுப்பிக்கவே முடியாது. வெளியாள் யாரும் உள்ளே கைவைக்கக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆகவே பழைய சாவி கடைசிவரை பழைய சாவிதான். செக்கண்ட்ஹாண்டாகவோ தேங்கிக் கிடந்த சரக்காகவோ மலிவில் வந்தால் வாங்காதீர்கள். சாவியைச் செருகி யூபிகோவின் செயலியில் பார்த்தால் உள்மென்பொருளின் இலக்கம் தெரியும், 5.7 அல்லது அதற்கு மேலே இருக்க வேண்டும்.

இன்னொரு விசயம், போன். சாவியைப் போனின் பின்பக்கத்தில் தொட்டாலே போதும் என்று விளம்பரத்தில் காட்டுவார்கள். அதற்குப் போனில் என்எஃப்சி வேண்டும், கிட்டக் கொண்டுபோனாலே வயரில்லாமல் தகவல் வாங்குகிற வசதி அது. இங்கே எல்லோர் கையிலும் இருக்கிற விலை குறைந்த அன்ட்ரொயிட் போன்கள் பலவற்றில் அது கிடையாது. போனில் பாவிக்கப் போகிறவர்கள் சி வகைச் செருகி உள்ளதை எடுங்கள். கடைக் கொம்பியூட்டர் பழசு என்றால் ஒரு சின்ன மாற்றி போதும்.

சரி, இது எதையெல்லாம் காக்காது?

கிராக் பண்ணிய, அதாவது காசு கட்டாமல் பூட்டுடைத்துப் பாவிக்கிற மென்பொருளிலிருந்து காக்காது. இதை எங்கள் பக்கத்து ஸ்ரூடியோக்காரர்களும் கொமினிகேசன்காரர்களும் கட்டாயம் கேட்க வேண்டும். பென்டிரைவில் கைமாறுகிற போட்டோஷொப்புக்குள் ஒளிந்து வருகிற கள்ள நிரல், பாஸ்வேர்டைத் தேடுவதே இல்லை. நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருப்பதற்கு அடையாளமாக பிரவுசர் வைத்திருக்கும் குக்கியை அள்ளிக்கொண்டு போய்விடும். அதை வைத்து உங்களைப் போலவே உள்ளே இருப்பார்கள், சாவியைக் கேட்கிற கட்டமே வராது. கடைக் கொம்பியூட்டரில் கிராக் மென்பொருள் ஒன்றும் இல்லாமல் துடைத்துவிட்டு, படவேலைக்கு இலவசமாகக் கிடைக்கும் ஜிம்பைப் போட்ட பிறகுதான் இந்தச் சாவிக்கு ஒரு அர்த்தம் வந்தது. ஊரார் கொண்டுவருகிற பென்டிரைவுகளுக்கு என்று தனியாக ஒரு பழைய லப்டொப் வைத்திருக்கிறேன். அதில் எந்தக் கணக்கும் திறப்பதில்லை.

வங்கிக்கும் உதவாது. நான் பாவிக்கிற வங்கிச் செயலிகள் எல்லாம் இன்னும் எஸ்எம்எஸ் ஓடிபியில்தான் நிற்கின்றன. காசு இருக்கிற இடத்துக்குத்தான் நல்ல பூட்டு முதலில் வந்திருக்க வேண்டும். அதைக் கேட்கிற உரிமை கணக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் உண்டு, கிளைக்குப் போகிற நேரம் கேளுங்கள்.

வட்ஸ்அப்புக்கும் இந்தச் சாவி கிடையாது. எங்கள் ஊரில் காசு போவது பெரும்பாலும் வட்ஸ்அப்பாலும் தொலைபேசி அழைப்பாலும்தான். ஒரு மாமி கடைக்கு வந்தார், காதில் போன். லண்டனில் இருக்கிற மருமகனுடைய இலக்கத்திலிருந்து செய்தி வந்திருக்கிறது: மாமி, என்ர போன் பழுது, உங்களுக்கு ஒரு ஆறு இலக்க நம்பர் வரும், அதை உடனே அனுப்புங்கோ. "தம்பி, நம்பர் வந்திட்டுது, அனுப்பட்டே?" என்று கேட்டார். கேட்டது நல்லதாகப் போயிற்று. மருமகனின் கணக்கு ஏற்கெனவே கள்ளன் கையில், இப்போது மாமியின் கணக்குக்குக் குறி. அந்த ஆறு இலக்கம் மாமியுடைய வட்ஸ்அப்பை வேறு போனில் திறக்கிற இலக்கம். அதைக் கொடுத்திருந்தால் அடுத்த செய்தி மாமியின் பெயரில் கனடாவுக்கும் பிரான்சுக்கும் போயிருக்கும்: அவசரம், ஆஸ்பத்திரிச் செலவு, இந்தக் கணக்குக்கு அனுப்பு. வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊரிலிருந்து இப்படி ஒரு செய்தி வந்தால் யோசிக்காமல் அனுப்புவார்கள். கள்ளர்களுக்கும் அது தெரியும்.

அன்றைக்கே மாமியின் போனில் வட்ஸ்அப்பின் இரண்டு படிப் பின் இலக்கத்தைப் போட்டுக் கொடுத்தேன். இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தில் தெரியாத கொம்பியூட்டர் ஏதும் நிற்கிறதா என்று பார்க்கவும் காட்டினேன். அதைவிடப் பெரிய காவல் ஒன்று காசில்லாமல் கிடைக்கிறது. குடும்பத்துக்குள் ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். பழைய வளவில் நின்ற மரம், செத்துப்போன மாட்டின் பெயர், வெளியாளுக்குத் தெரியாத ஏதாவது ஒன்று. அதை எங்கேயும் எழுதி அனுப்பக் கூடாது. காசு கேட்டு யார் எடுத்தாலும் அந்தச் சொல் வேண்டும். இப்போது குரலையே போலியாகச் செய்கிறார்கள். மகனுடைய குரல் மாதிரியே இருக்கிறது என்பது இனிமேல் அத்தாட்சி இல்லை. இப்படி ஒரு சொல் வைக்கச் சொல்லி நான் கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்கிறேன், சாவி வாங்குகிறார்களோ இல்லையோ. ஏதாவது நடந்துவிட்டால் 101 க்கு எடுங்கள், அது இலங்கையின் கணினி அவசரப் பதிலளிப்புக் குழுவின் இலக்கம். வங்கிக் கணக்குச் சம்பந்தப்பட்டது என்றால் முதலில் வங்கிக்கு எடுத்துக் கணக்கை நிறுத்துங்கள், மற்றதெல்லாம் பிறகு.

தனிமனிதனுக்குச் சொல்வது நாட்டுக்கும் பொருந்தும். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பெயரில் போலிக் கட்டளைகள் அனுப்பி ஏறத்தாழ 951 மில்லியன் டொலரைக் களவெடுக்கப் பார்த்தார்கள். அதில் 20 மில்லியன் இலங்கையில் ஒரு அமைப்பின் கணக்குக்கு வந்தது. பெறுபவரின் பெயரில் ஃபவுண்டேஷன் என்ற சொல்லில் எழுத்துப்பிழை இருந்ததை இடையிலிருந்த வங்கியில் கவனித்தபடியால் அந்தக் காசு திரும்பிப் போனது. கவனம் காப்பாற்றிய கதை என்று அதைச் சொல்வார்கள். பிலிப்பைன்ஸுக்குப் போன 81 மில்லியனை எந்தக் கவனமும் காப்பாற்றவில்லை. ஒரு நாட்டின் காசு ஒரு எழுத்துப்பிழையில் தொங்கக் கூடாது.

எங்கள் நாட்டில் 2023 ஓகஸ்டில் நடந்தது இன்னும் கிட்டத்தில் சுடும். அரசாங்கத்தின் கிளவுட்டில் கப்பம் கேட்கும் நிரல் புகுந்து, ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் மாட்டின. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துக்கு இணையத்தோடு தொடர்பில்லாத பிரதி எதுவும் எடுத்து வைக்கப்படவில்லை. மென்பொருளும் பழையது. பதிவுகள் போனால் சனத்துக்கு என்ன நடக்கும் என்று வன்னிக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எஸ்தோனியா 2007 இல் பெரிய இணையத் தாக்குதலைச் சந்தித்த சின்ன நாடு. இப்போது அது தன் முக்கியமான அரச பதிவேடுகளின் பிரதியை லக்சம்பேர்க்கில் வைத்திருக்கிறது. தரவுத் தூதரகம் என்று பெயர், 2017 இல் ஒப்பந்தம் செய்தார்கள். காணிப் பதிவும் பிறப்புப் பதிவும் நாட்டுக்கு வெளியே பத்திரமாக இருக்கின்றன என்றால் அங்கே ஒரு விவசாயி நிம்மதியாகப் படுக்கலாம்.

எங்களிடம் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் நல்லது. ஆனால் சனத்தின் தரவு முதலில் கைமாறுவது கொழும்பில் இல்லை. விதானையாரின் போனிலும், பிரதேச செயலக மேசையிலும், என் மாதிரிக் கொமினிகேசன்களிலும்தான். அரச மின்னஞ்சல் வைத்திருக்கும் ஒவ்வொரு அலுவலருக்கும் இப்படி இரண்டு சாவி கொடுப்பது ஒரு வாகனம் வாங்குகிற காசோடு பார்த்தால் ஒன்றுமில்லை. மாகாண சபையோ அமைச்சோ ஒரு மாவட்டத்தில் செய்து பார்க்கட்டும், முல்லைத்தீவிலேயே தொடங்கட்டும்.

விலைக்கு வருவோம். கணக்குகளைத் திறக்க மட்டும் பாவிக்கிற சாதாரண வகை, செக்யூரிட்டி கீ என்று பெயர், 25 முதல் 30 டொலர் வரை. எங்கள் காசில் எட்டாயிரம், ஒன்பதாயிரம் ரூபா. வேறு வேலைகளும் செய்கிற யூபிகீ 5 என்ற வரிசை அதைப்போல இரண்டு மடங்கு. கடைக்கும் வீட்டுக்கும் சாதாரண வகை தாராளம், கூடிய விலைக்குப் போக வேண்டாம். ஆனாலும் இரண்டு என்றால் இங்கே கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது ஒரு கிழமைச் சம்பளம். அவரைப் பார்த்து வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்குப் போனிலேயே இருக்கிற பாஸ்கீ போதும், போனின் பூட்டைத் திறக்கிற மாதிரியே விரலடையாளத்தாலோ பின்னாலோ கணக்கைத் திறக்கிற முறை அது. அதுவும் இதே முறையில், தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டுத்தான் வேலை செய்கிறது, காசும் இல்லை. போன் தொலைந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். ஆட்களின் ஆவணங்களைக் கையாளுகிறவர்கள், சங்கங்களின் கணக்கு வைத்திருக்கிறவர்கள், பாடசாலை அலுவலகங்கள், செய்தியாளர்கள், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களோடு வேலை செய்கிறவர்கள், இவர்களுக்குத்தான் சாவியே வேண்டும் என்று சொல்வேன். வெளிநாட்டிலிருந்து வருகிற உறவுகளிடம் என்ன கொண்டுவர என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள். கம்பனியின் சொந்தத் தளத்திலோ அவர்கள் பெயர் குறிப்பிட்ட விற்பனையாளரிடமோ வாங்கி, பெட்டி பிரிக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அந்த அம்மாவின் மெயிலுக்கும் இப்போது சாவி போட்டாயிற்று. கடையின் இரண்டு சாவிகளையும் அவருடைய கணக்கிலும் சேர்த்திருக்கிறோம், ஒரே சாவியைப் பல கணக்குகளுக்குப் பாவிக்கலாம். ஆனால் அவருடைய கணக்கு என் கையில் மட்டும் தங்கியிருப்பது சரியில்லை. அதனால் கூகுள் தருகிற பத்துக் காப்புக் கோட்களை அச்சடித்து, லமினேற் பண்ணி, அவரிடமே கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு கோட்டும் ஒரு தரம்தான் வேலை செய்யும். பாவித்ததைப் பேனையால் வெட்டிவிட வேண்டும், பத்தும் முடிந்தால் புதிதாக எடுக்கலாம். நீங்களும் சாவி பொருத்துகிற அன்றைக்கே இந்தக் கோட்களை எடுங்கள். போனில் படம் பிடித்து வைக்காதீர்கள், கடதாசியில் வையுங்கள்.